நம்பர் போகாமல் பிளாக்கை ஃபேசிங் பண்ண முடியுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தாத்தா வாங்கிய ஷெவர்லே இம்பாலா, 283 வி8 என்ஜின். பல வருஷம் கொட்டகையிலேயே நின்றுவிட்டது. இப்போது ஓட வைக்கலாம் என்று என்ஜினை இறக்கிப் பிரித்தோம். பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் என்ஜின் உடல்) மேல்முகத்தில் தண்ணீர் ஓட்டைகளைச் சுற்றி அரிப்பு இருக்கிறது. இரண்டு பக்கமும் பத்து தௌ (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஃபேசிங் பண்ணினால்தான், அதாவது முகத்தைச் சீவி மட்டமாக்கினால்தான், பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் வரும் ஹெட் கேஸ்கெட் நிற்கும் என்கிறார் பட்டறைக்காரர். ஆனால் அந்த முகத்தின் முன் ஓரத்தில்தான் என்ஜின் நம்பர் இருக்கிறது. "போனால் போகட்டும் சார், ஆர்.சி. புக்கைப் பார்த்துத் திரும்பப் பஞ்ச் பண்ணிடலாம்" என்கிறார். சரிதானா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: சரியில்லை. பிளாக்கை மிஷினில் ஏற்றச் சொல்லியிருந்தால் இன்றைக்கே போன் பண்ணி நிறுத்தச் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

1955-ல் வந்த ஷெவர்லே சின்ன பிளாக் வி8 குடும்பத்தைச் சேர்ந்தது உங்கள் 283. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் வலது பக்க ஹெட்டுக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் சின்னத் திட்டில்தான் இதில் நம்பர் அடிப்பார்கள். ஹெட் உட்காரும் முகமும் அந்தத் திட்டும் தொழிற்சாலையில் ஒரே வெட்டில், ஒரே மட்டத்தில் வந்தவை. அதனால் பெரிய கல்லோ அகலக் கட்டரோ முகத்தின் மேல் ஓடும்போது திட்டையும் சேர்த்தே சீவிவிடும். நம்பரின் ஆழமே சில தௌதான், பத்து தௌ எடுத்தால் அங்கே ஒன்றும் மிஞ்சாது.

திரும்பப் பஞ்ச் பண்ணினால் யாருக்குத் தெரியும் என்று உங்கள் பட்டறைக்காரர் நினைக்கிறார். தெரியும். தொழிற்சாலையின் வெட்டு அந்தத் திட்டில் மெல்லிய இணைகோடுகளை விட்டுப் போயிருக்கும், அசல் நம்பர் அந்தக் கோடுகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். சீவிய பிறகு கோடும் போய்விடும், எழுத்தின் வடிவமும் இடைவெளியும் மாறிவிடும். பழைய வண்டி பார்க்கத் தெரிந்தவர் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவார். விற்பனைக்கு வரும்போது மதிப்பு போவது ஒரு பக்கம் இருக்கட்டும், மாற்றி அடித்த நம்பரைப் பார்த்தால் பிரேக் இன்ஸ்பெக்டருக்கும் போலீசுக்கும் திருட்டு வண்டியோ என்ற சந்தேகம்தான் முதலில் வரும், தாத்தா வாங்கிய வண்டி என்று நீங்கள் வாயால் சொல்லி அதைத் தீர்க்க முடியாது.

வேலைக்கு வருவோம். ஃபேசிங் தேவையா என்பதை முதலில் அளந்து பாருங்கள், கண்ணால் பார்த்து முடிவு பண்ண வேண்டாம். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, நல்ல ஸ்ட்ரெயிட் எட்ஜை (துல்லியமாக நேரான இரும்புப் பட்டை) நீளவாக்கில், குறுக்கே, இரண்டு மூலைவிட்டத்திலும் வைத்து அடியில் ஃபீலர் கேஜ் (கனம் குறித்த மெல்லிய தகடுகள்) விட்டுப் பாருங்கள். எந்த ஆறு அங்குலத்திலும் மூன்று தௌ தகடு நுழையவில்லை என்றால் முகம் வளையவில்லை. அப்புறம் அரிப்பு. அது தண்ணீர் ஓட்டையைச் சுற்றி மட்டும் நிற்கிறதா, அல்லது சிலிண்டர் வாயைச் சுற்றி கேஸ்கெட்டின் நெருப்பு வளையம் உட்காரும் இடம் வரைக்கும் போயிருக்கிறதா என்று பாருங்கள். வளையம் உட்காரும் இடம் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் ஃபேசிங்கே வேண்டியதில்லை. தொழிற்சாலை போட்ட கேஸ்கெட் சுமார் இருபது தௌ கனமுள்ள வெறும் இரும்புத் தகடு, அதற்குக் கண்ணாடி மாதிரி முகம் வேண்டும். இப்போது கிடைக்கும் கலவை கேஸ்கெட் அழுந்திய பிறகும் நாற்பது தௌ இருக்கும், சின்னச் சின்னக் குழிகளை அது சமாளித்துக்கொள்ளும். கம்ப்ரஷன் கொஞ்சம் குறையும், நிதானமாக ஓட்டப்போகிற வண்டிக்கு அது நஷ்டமே இல்லை.

அளந்து பார்த்து ஃபேசிங் கட்டாயம் என்றே வந்தாலும் நம்பரைக் காப்பாற்ற வழி இருக்கிறது. பெரிய கல் மிஷின் வேண்டாம், வெர்டிகல் மில்லிங் உள்ள பட்டறையாகப் பாருங்கள். தஞ்சாவூரில் அமையாவிட்டால் திருச்சிக்குப் போங்கள். திருவெறும்பூரில் பி.எச்.இ.எல். இருப்பதால் சுற்றுவட்டாரத்தில் மில்லிங் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. முதலில் புது கேஸ்கெட்டையும் ஹெட்டையும் டவல் பின்னில் (ஹெட் நகராமல் இடம் காட்டும் சின்ன முளை) சரியாக உட்கார வைத்து, ஹெட்டின் முன் விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கே ஊசியால் ஒரு கோடு கீறிக்கொள்ளச் சொல்லுங்கள். கட்டர் அந்தக் கோட்டை மயிரிழை தாண்டி நின்றுவிட வேண்டும். அகலக் கட்டர் வட்டமாக முடிக்கும் என்பதால், கடைசி ஓரத்தைச் சின்ன எண்ட் மில் கட்டர் போட்டு நேர்கோட்டில் எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் திட்டு மட்டும் சில தௌ உயரமாக, ஒரு சின்னப் படியாக நிற்கும். ஹெட் அதன்மேல் ஏறவில்லை என்பதை மறுபடி ஹெட்டை வைத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டால் போதும், படியால் என்ஜினுக்கு ஒரு கெடுதலும் இல்லை.

பத்து தௌ என்பது பட்டறைக்காரர் கணக்கு. நாலு தௌவில் முகம் தெளிந்துவிட்டால் நாலோடு நிறுத்தச் சொல்லுங்கள். மேல்முகத்தின் உயரத்தை கிராங்க் மையத்திலிருந்து அளக்க வேண்டும், இந்த என்ஜினுக்குத் தொழிற்சாலை அளவு 9.025 அங்குலம். இரண்டு பக்கமும் ஒரே உயரத்துக்கு வர வேண்டும். எடுத்தது அதிகமானால் ஹெட் இரண்டும் கீழே இறங்கி, நடுவில் உட்காரும் இன்டேக் மேனிஃபோல்டின் ஓட்டைகள் நேருக்கு வராமல் படுத்தும். குறைவாக எடுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பட்டறைக்கு அனுப்பும் முன் நீங்கள் வீட்டிலேயே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. திட்டை மண்ணெண்ணெய் தொட்ட பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். எமரி தாள், கிரைண்டரில் மாட்டும் கம்பி பிரஷ் இரண்டும் பக்கத்திலேயே வரக்கூடாது. காய்ந்ததும் மெல்லிய தாளை ஒட்டி வைத்து, பென்சிலைப் படுக்க வைத்து லேசாகத் தேய்த்தால், முதலில் கோடுகள் தெரியும், பிறகு ஒவ்வொரு எழுத்தாக வெள்ளையாக மேலே வரும். ஆர்.டி.ஓ. ஆபீசில் சேஸிஸ் நம்பருக்கு எடுக்கும் அதே பென்சில் பிரிண்ட்தான். கூடவே ஸ்கேலை வைத்து, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி போட்டோவும் எடுங்கள். பிறகு ஆர்.சி. புக்கோடு ஒப்பிடுங்கள். அந்தக் கால ஷெவர்லேயில் முதல் எழுத்து எந்தத் தொழிற்சாலை என்பதைச் சொல்லும் (எஃப் என்றால் ஃபிளின்ட், டி என்றால் டோனாவாண்டா), அடுத்த நாலு இலக்கம் மாதமும் தேதியும், கடைசி எழுத்துகள் என்ஜின் ரகம். குறுகிய நம்பராக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், அது அப்படித்தான் இருக்கும். எல்லாம் முடிந்ததும் திட்டின் மேல் கிரீஸ் தடவி, மெல்லிய அலுமினியத் தகடு வைத்து டேப் சுற்றி அனுப்புங்கள், அந்த இடத்தில் கிளாம்ப் போடக்கூடாது என்று பிளாக்கிலேயே சாக்பீஸால் எழுதிவிடுங்கள்.

கேள்வி: எங்களிடம் பழைய மஹிந்திரா ஜீப், பெட்ரோல் என்ஜின். போரிங்குக்கு (சிலிண்டர் உள்சுவரைக் கடைந்து பெரிதாக்க) கொடுக்கும்போது நம்பருக்கு ஆபத்து உண்டா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: போரிங்கால் இல்லை. ஜீப்பில் நம்பர் தண்ணீர் பம்பு உட்காரும் இடத்துக்கு மேலே, பிளாக்கின் முன் மூலையில் தனித் திட்டில் இருக்கும். ஆபத்து கழுவும்போதும் பெயின்ட் அடிக்கும்போதும்தான். மணல் அடித்துச் சுத்தம் பண்ணுகிறேன் என்றால் நம்பரை மூடாமல் விடாதீர்கள், மணல் எழுத்தின் விளிம்பைத் தின்றுவிடும். காஸ்டிக் தொட்டியில் முக்கினால் வார்ப்பிரும்புக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் வெளியே எடுத்து நன்றாக அலசின கையோடு எண்ணெய் பூச வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் இருக்கும் ஈரத்துக்குச் சாயங்காலத்துக்குள் செந்துரு பூத்துவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று என்பதால் இன்னும் சீக்கிரம்.

மேல்முகத்தை ஃபேசிங் பண்ணச் சொன்னால் மட்டும் ஒரு கேள்வி கேளுங்கள். இந்த என்ஜின்களில் வால்வு பிளாக்கிலேயே உட்காரும் (பிந்தைய எஃப் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு மட்டும்). முகம் இறங்கினால் வால்வு தலைக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி குறையும், அதை அளந்தாரா என்று கேளுங்கள்.

கேள்வி: புல்லட்டின் கிராங்க் கேஸை பஃபிங் போட்டுப் பளபளப்பாக்கலாமா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: நம்பர் இருக்கும் இடத்தை விட்டுவிட்டுப் போடுங்கள். இடது பக்கம், பேரலுக்குக் கீழே இருக்கும். அலுமினியம் மெத்தென்ற உலோகம், பஃபிங் சக்கரம் இரண்டு முறை நின்று சுற்றினாலே எழுத்து மழுங்கும். பளபளப்பில் ஒரு விரல் அகலம் குறைந்தால் குறையட்டும்.

கேள்வி: எங்கள் காரில் யாரோ எப்போதோ ஃபேசிங் பண்ணி நம்பர் பாதி அழிந்திருக்கிறது. ஐம்பது வருஷம் தாண்டிய வண்டி, விண்டேஜ் பதிவு வாங்க நினைக்கிறோம். இப்போது என்ன செய்வது?
– வாசகர், திருவாரூர்

பதில்: மிச்சமிருக்கும் பாதியைத் தொடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. பஞ்ச் அடித்த இடத்தில் இரும்பு அடியிலும் இறுகியிருக்கும். மேலே சீவினாலும் அந்த இறுகிய பாகம் அமிலம் பட்டால் வேறு மாதிரி கரையும். தடயவியல் ஆய்வுக்கூடங்கள் அழிந்த நம்பரை எடுப்பது இந்த வழியில்தான். நீங்கள் அதன்மேல் புதுசாக அடித்தால் அந்த வாய்ப்பையும் கெடுத்துக்கொள்கிறீர்கள். பழைய ஆர்.சி., இன்ஷூரன்ஸ், வரி கட்டிய ரசீது, எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுத்தில் மனு கொடுங்கள். அவர்கள் எழுத்தில் சொல்லாமல் எந்த உளியும் வண்டியில் படக்கூடாது.

விண்டேஜ் பதிவுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, வியாபாரத்துக்கு ஓடாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு அது பொருந்தும். புதுப் பதிவுக்கு ரூ.20,000, செல்லுபடி 10 வருஷம், அப்புறம் புதுப்பிக்க ரூ.5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். பதிவு வாங்கிய பிறகு கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பராமரிப்பு மாதிரி காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், தினசரி ஓட்டத்துக்கு இல்லை. சேஸிஸ், பாடி, என்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது என்பதும் நிபந்தனை. இருக்கிற பிளாக்கைப் போரிங் பண்ணி ஓட வைப்பது ரிப்பேர், வேறு என்ஜினைத் தூக்கி வைப்பதுதான் மாற்றம் என்பது என் கருத்து. முடிவு அதிகாரி கையில் என்பதால் பட்டறை பில், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோ, பென்சில் பிரிண்ட் எல்லாவற்றையும் மனுவோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.