கேளுங்கள், சொல்கிறோம்: இங்கிலாந்தில் கோல்ஃப்

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர், ஜூனில் பத்து நாள் இங்கிலாந்து போகிறோம். சாண்ட்விச், சன்னிங்டேல், பர்க்டேல், கேன்டன், வெஸ்ட்வர்ட் ஹோ! என எல்லா கோல்ஃப் மைதானங்களிலும் ஆட ஆசை. முடியுமா? எங்கள் ஹேண்டிகேப் (ஆட்டக்காரருக்குச் சலுகையாகக் கிடைக்கும் அடிகள், எண் குறைந்தால் திறமை அதிகம்) 16 முதல் 22 வரை.
– வாசகர், கோவை

பதில்: ஆசை சரி, ஆனால் மேப்பை ஒருமுறை விரித்துப் பாருங்கள். சாண்ட்விச் தென்கிழக்கு மூலை, வெஸ்ட்வர்ட் ஹோ! தென்மேற்கில் டெவன் கடற்கரை, கேன்டன் வடக்கே யார்க்‌ஷயர். இந்தப் பட்டியலோடு கிளம்பினால் கோல்ஃப் ஸ்டிக்கைவிட ஸ்டீயரிங்கைத்தான் அதிக நேரம் பிடித்திருப்பீர்கள். 1864லிருந்து ஆடும் வெஸ்ட்வர்ட் ஹோ!வில் ஆடு, குதிரையெல்லாம் மேய்ந்துகொண்டிருக்கும், அந்த மைதானத்தைப் பட்டியலிலிருந்து வெட்டச் சொல்ல எனக்கே மனசில்லை, இருந்தாலும் இந்த மூன்றையும் வெட்டுங்கள்.

லிவர்பூலுக்கு வடக்கே கடற்கரை ஊரான சவுத்போர்ட்டில் ஒரே இடத்தில் அறையெடுத்து ஆறு நாள் தங்குங்கள். லிவர்பூல் போகும் உள்ளூர் ரயிலில் ஹில்சைட் நிலையத்தில் இறங்கினால் ராயல் பர்க்டேலும் ஹில்சைட் கிளப்பும் நடை தூரம்தான், ஃபிரெஷ்ஃபீல்டில் இறங்கினால் ஃபார்ம்பி மைதானம். முதல் நாளே பர்க்டேலுக்குப் போகாதீர்கள். கடல் காற்றும் கெட்டித் தரையும் பழகட்டும். அதற்கு சவுத்போர்ட் அண்ட் ஏன்ஸ்டேல் மைதானம் போதும், கட்டணமும் குறைவு. அப்போது அமெரிக்காவும் பிரிட்டனும் மோதிய ரைடர் கோப்பையை பிரிட்டன் மண்ணில் அமெரிக்கா முதன்முதலாக வென்றது 1937இல் அங்கேதான்.

ஹாய்லேக்கை, அதாவது ராயல் லிவர்பூலை, விட்டுவிடாதீர்கள். முதல் டீயில் (ஆட்டத்தைத் தொடங்கும் இடம்) நின்று பார்த்தால் தட்டையான வெறும் நிலம், இதற்கா இவ்வளவு பேர் என்று தோன்றும். ஆனால் வலது பக்கம் பயிற்சி மைதானத்தைச் சுற்றி ஒரு சின்ன மண்வரப்பு ஓடும், பந்து அதைத் தாண்டினால் அவுட் ஆஃப் பவுண்ட்ஸ், அதாவது எல்லைக்கு வெளியே, அதுவும் மைதானத்துக்கு நடுவிலேயே! பிரிட்டனின் பெரிய போட்டியான ஓபனை 2006இல் டைகர் வுட்ஸ் இங்கே ஜெயித்தபோது, வாரம் முழுக்க டிரைவரை (பந்தை அதிக தூரம் அடிக்கும் ஸ்டிக்) எடுத்தது ஒரே ஒரு தடவை. நீங்களும் பையிலேயே வையுங்கள். லிதம் மைதானம் ரிப்பிள் ஆற்றுக்கு அக்கரை, பிரஸ்டன் வழியாகச் சுற்றிப் போக ஒரு மணி நேரம் ஆகும். அங்கே பங்கர்கள், அதாவது மணல் குழிகள், நூற்றைம்பதுக்கும் மேல், உங்களில் 22 ஹேண்டிகேப்காரர் யோசித்துக்கொள்ளட்டும்.

மீதி நாட்கள் லண்டன் பக்கம்: சன்னிங்டேல் ஓல்டு, வால்டன் ஹீத். கடலில்லை, பைன் மரமும் ஹீதர் புதரும்தான். புதருக்குள் போன பந்தை வீரம் காட்டாமல் பக்கவாட்டில் வெளியே எடுங்கள். சன்னிங்டேலில் பாதி ஆட்டத்தில் வரும் குடிசைக் கடையில் சாசேஜ் சாண்ட்விச் பிரசித்தம்.

முன்பதிவை மாதக்கணக்கில் முன்னாலேயே செய்யுங்கள். வெளியாட்களுக்குப் பெரும்பாலும் வாரநாட்கள்தான். ஓபன் நடக்கும் மைதானங்களில் கோடையில் ஒரு சுற்றுக்கு 300 பவுண்டுக்கு மேல் எடுத்து வையுங்கள். ஹேண்டிகேப் சான்றிதழ் கட்டாயம் கொண்டு போங்கள், வரம்பு கிளப்புக்குக் கிளப் மாறும். பக்கி (மைதானத்தில் ஓட்டும் சின்ன வண்டி) கிடைக்கும் என்று நம்பாதீர்கள், இப்போதிருந்தே நடந்து பழகுங்கள்.

கேள்வி: என் கணவரும் இந்தக் கூட்டத்தில் ஒருவர். எனக்கு கோல்ஃப் தெரியாது. நான் கூடப் போய் என்ன செய்வது?
– வாசகி, கோவை

பதில்: அதே ரயிலில் ஏறுங்கள். ஃபிரெஷ்ஃபீல்டில் இறங்கினால் பைன் காட்டில் சிவப்பு அணில்கள். இன்னும் கொஞ்சம் தள்ளி கிராஸ்பி கடற்கரையில் ஆண்டனி கோர்ம்லியின் நூறு இரும்பு மனிதர்கள் கடலைப் பார்த்து நிற்கிறார்கள். அலை இறங்கும் நேரம் பார்த்துப் போங்கள். தூரத்துச் சிலைவரை மட்டும் நடக்க வேண்டாம், சேறு காலை இழுத்துவிடும்.