கேளுங்கள், சொல்கிறேன்: உறைந்த ஏரியில் பேரன்

கேள்வி: மகள் கல்யாணமாகி கனடாவில் பேரி என்ற ஊரில் இருக்கிறாள். போன வாரம் ஒரு படம் அனுப்பினாள். மருமகன் ஏழு வயதுப் பேரனைக் கூட்டிக்கொண்டு உறைந்த ஏரி நடுவில் உட்கார்ந்து, ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. ஐஸ் உடைந்தால் என்ன ஆவது? போக வேண்டாம் என்று சொல்லட்டுமா?
– ஒரு பாட்டி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, நீங்கள் பயந்தது நியாயம்தான். ஆனால் போகாதே என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்னாலும் போவார்கள், அப்புறம் படம்தான் உங்களுக்கு வராது. அதற்குப் பதில் ஒவ்வொரு தடவையும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இன்றைக்கு ஐஸ் எத்தனை சென்டிமீட்டர்?"

நானும் உங்கள் ஊர்ப் பக்கம் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். பள்ளி விட்டால் ஈயக்குட்டை, கொக்கியில் தவளை, விரால் கடிக்கும் வரைக்கும் காத்திருப்பு. நான்கு வருடம் முன்பு தம்பி மகன் வீட்டுக்குப் போனபோது உங்கள் மகள் இருக்கும் பேரியின் கரையிலுள்ள சிம்கோ ஏரிக்கு என்னையும் கூட்டிப் போனான். கரையிலிருந்து கால் வைக்கவே எனக்கு மனம் வரவில்லை, அவனோ நாலு எட்டுக்கு ஒருமுறை கடப்பாரையால் ஐஸைக் குத்திப் பார்த்துக்கொண்டே முன்னால் நடந்தான். பிறகு ஆகர் என்கிற துளை போடும் கருவியை நிறுத்தித் திருகத் தொடங்கினான். துருவிய தேங்காய் மாதிரி ஐஸ் தூள் சுற்றிலும் குவிந்தது, திடீரென்று கருவி கீழே இறங்கியது, கருப்பாகத் தண்ணீர் பொங்கி விளிம்பு வரை வந்து நின்றது. வடை அள்ளும் கண்கரண்டி போல ஒன்றால் மிதக்கிற தூளை வாரி எறிந்தான். உடனே தூண்டிலைப் போடுவான் என்று நினைத்தேன், போடவில்லை. நுனி வளைந்த அளவுகோல் ஒன்றை ஓட்டைக்குள் விட்டு, ஐஸின் அடியில் மாட்டி இழுத்துப் பார்த்தான். 27 சென்டிமீட்டர். அப்போதுதான் எனக்கு மூச்சு சீரானது.

அந்த அளவைத்தான் உங்கள் மருமகனிடம் கேட்கச் சொல்கிறேன். ஒரு ஆள் நடக்க 15 சென்டிமீட்டர், கூட்டமாக நிற்க 20, ஸ்னோமொபைல் என்ற பனி வண்டி ஓட்ட 25 என்று கனடா செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிறது. இது தெளிவான நீலநிற ஐஸுக்கு உள்ள கணக்கு. பால் மாதிரி வெள்ளையாக இருந்தால் அதற்குப் பாதி பலம்தான், ஆகவே இரண்டு மடங்கு தடிமன் வேண்டும். சாம்பல் நிறம் என்றால் உள்ளே தண்ணீர் ஊறியிருக்கிறது, அதில் கால் வைக்கவே கூடாது. ஓரிடத்தில் அளந்துவிட்டு ஏரி முழுதும் அப்படித்தான் என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. ஆறு வந்து சேரும் வாய், பாலத்துக்கு அடி, படகுத்துறை ஓரம், அடியில் ஊற்று இருக்கும் இடம், இங்கெல்லாம் மெல்லியதாக இருக்கும். மேலே பனி கொட்டிக் கிடந்தாலும் அது போர்வை மாதிரி குளிரைத் தடுத்துவிடும், ஐஸ் சீக்கிரம் தடிக்காது.

மத்தியானம் காலுக்கடியில் 'டும்' என்று ஒரு சத்தம், பலகைப் பாலத்தில் லாரி ஏறின மாதிரி. நான் எழுந்தே விட்டேன். வெப்பநிலை மாறும்போது ஐஸ் விரிந்து சுருங்குகிற சத்தமாம், அது மட்டுமே ஆபத்தின் அறிகுறி இல்லை. பேரன் இதைச் சொல்லிப் பயமுறுத்தினால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

விழுந்துவிட்டால்? குளிரில் உடல் என்ன ஆகும் என்று ஆராய்ந்த, கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் 1-10-1 கணக்கை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டும். முதல் 1 நிமிடம் திணறும் மூச்சைச் சீராக்கி நிதானத்துக்கு வர, அடுத்த 10 நிமிடம் கை கால் சொன்னபடி கேட்கும், குளிரில் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். ஆக, பதறாமல் வந்த வழியைப் பார்த்துத் திரும்பி, காலை உதைத்து மேலே ஏறி, எழுந்து நிற்காமல் உருண்டே வர வேண்டும். கழுத்தில் மாட்டிக்கொள்ள கைப்பிடி வைத்த இரண்டு கூர் ஆணி விற்கிறார்கள், வழுக்கும் ஐஸில் குத்தி ஏற அதுதான் பிடிமானம். மருமகனுக்கு ஒரு ஜோடி, பேரனுக்கு ஒரு ஜோடி, பேரனுக்கு மிதவைச் சட்டையும் கட்டாயம். அப்புறம், குளிருக்காகக் கூடாரத்தில் கேஸ் அடுப்பு வைத்தால் காற்று போக வழி விட்டே ஆக வேண்டும். அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசம் கிடையாது.

எனக்கு அன்று கிடைத்தது ஒரே ஒரு மஞ்சள் பெர்ச் மீன். சாண் நீளம், பச்சை வரி, ஆரஞ்சுச் செட்டை. ஐஸ் மேல் போட்ட கொஞ்ச நேரத்தில் விறைத்துக் குச்சியாகிவிட்டது. அதைப் பிடித்த சந்தோஷம் இன்னும் இருக்கிறது அம்மா, உங்கள் பேரனுக்கும் அது கிடைக்கட்டும்.

கேள்வி: ஜனவரியில் கொரியா போகிறோம். அங்கே ஐஸில் மீன் பிடிக்கலாம் என்கிறார்களே?
– பகாவ் வாசகர்

பதில்: ஹ்வாச்சியோன் என்ற ஊரின் விழாவைச் சொல்கிறார்கள். அது ஏரி இல்லை, உறைந்த ஆறு. ஓட்டைகளை அவர்களே போட்டு, சான்சியோனோ என்ற மீனை விட்டு வைப்பார்கள். போலி இரை கட்டிய சின்னத் தூண்டிலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தால் போதும், பிடித்ததை அங்கேயே சுட்டும் தருவார்கள். பயணச்சீட்டு எடுக்குமுன் விழாத் தேதியைப் பாருங்கள். 2020-இல் மழையும் வெப்பமும் சேர்ந்து ஐஸ் கெட்டியாகாமல் விழாவையே தள்ளி வைத்தார்கள்.

கேள்வி: ஏரி உறைந்தால் மீன் எப்படிச் சாகாமல் இருக்கிறது?
– படிவம் 4 மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: நல்ல கேள்வி, தங்கச்சி. தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகக் கனமாக இருக்கும். அதற்குக் கீழே குளிர்ந்தால் லேசாகி மேலே வந்துவிடும், அதனால் ஐஸ் மேலே மூடியாகக் கட்டும், அடியில் 4 டிகிரித் தண்ணீர் தங்கும். மீன் அங்கே அதிகம் அசையாமல், கொஞ்சமாகத் தின்று காலம் தள்ளும். குளிர்ந்த தண்ணீர் நம் ஊர்க் குட்டைத் தண்ணீரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் என்பதால் மூச்சுக்கும் பெரும்பாலும் பஞ்சமில்லை. ஆழமில்லாத ஏரியில் பனி கனமாக மூடி, வெளிச்சம் இல்லாமல் நீர்ச்செடி சாகும்போதுதான் ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் கூட்டமாகச் சாகும். நம் விரால் கதை வேறு. குட்டையில் அது வாயை மேலே நீட்டி 'ளப்' என்று காற்றை விழுங்குவதைப் பார்த்திருப்பாய், அதற்குச் செவுள் மட்டும் போதாது. மூடி போட்ட ஏரியில் அந்த ஒரு வாய்க் காற்றுக்கு அது எங்கே போகும்?