ரோமானிய நாணயங்களில் சில பேரரசர்கள் ஏன் வெறுந்தலையோடு இருக்கிறார்கள்?

முடிசூடாத தலை என்றால் அதிகாரம் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் பேரரசரான அகஸ்டஸே பல தெனாரியஸ் வெள்ளிக்காசுகளில் வெறுந்தலையோடுதான் இருக்கிறார். ரோமானியர்களுக்கு 'அரசன்' என்ற சொல்லே கசப்பு, அதனால் குடிமக்களில் முதல்வன் என்று காட்டிக்கொள்வதே அவருக்கு நல்லது. பின்னாளில் வெற்றியின் சின்னமான லாரல் இலைமாலை வழக்கமானது.

நீரோவின் ஆரம்பகாலத் தங்க, வெள்ளிக் காசுகள் எனக்கு மிகவும் பிடித்தவை. முன்பக்கம் இளைஞனின் வெறுந்தலை, ஓக் இலைமாலையோ பின்பக்கத்தில்! கி.பி. 64 வாக்கில் லாரல் மாலை தலைக்கே ஏறிவிட்டது.

அப்புறம், வாரிசுகள். மார்கஸ் அரேலியஸ் 139 முதல் 161 வரை 'சீசர்' பட்டத்தோடு காத்திருந்தார், அந்தக் காலக் காசுகளில் வெறுந்தலைதான். சூரியக் கதிர்கள் போல முனைகள் நீண்ட கதிர்முடி வேறு கதை: இரண்டு 'ஆஸ்' காசுக்குச் சமமான துபொந்தியஸ் போன்ற காசுகளில் அது இரட்டை மதிப்பின் அடையாளம்.

தேய்ந்த காசு கையில் இருந்தால் பிடரியைப் பாருங்கள். இலைகள் மழுங்கியிருந்தாலும் மாலையைக் கட்டிய நாடாவின் இரு நுனிகள் கழுத்தருகே தொங்குவது பெரும்பாலும் தெரியும். கோயம்புத்தூர் வட்டாரத்தில் நிறையக் கிடைத்த திபேரியஸ் வெள்ளிக்காசுகளிலும் இதைப் பார்க்கலாம்.