இரண்டு ஜிபிஎஸ் மட்டும் வைத்து அட்லாண்டிக்கைத் தாண்டலாமா?

கேள்வி: எங்கள் சிறிய ஜெட்டில் இரண்டு ஜிபிஎஸ் உண்டு, ஐஆர்எஸ் (விமானத்தின் அசைவை உணர்ந்து இடத்தைத் தானே கணக்கிடும் கருவி) கிடையாது. அயர்லாந்தின் ஷானனிலிருந்து கனடாவின் கேண்டருக்குப் போக இது போதுமா? – ஒரு துணை விமானி

போதும். ஆனால் அந்த இரண்டும் நிஜமாகவே இரண்டுதானா என்று முதலில் பாருங்கள்.

நடுக்கடலில் தரை ரேடார் எட்டாது, விஓஆர் என்ற தரை வழிகாட்டு நிலையத்தின் சிக்னலும் கிடைக்காது. அதனால்தான் வட அட்லாண்டிக்கில் எஃப்எல் 285 முதல் 420 வரை (அதாவது சுமார் 28,500 முதல் 42,000 அடி உயரத்தில்) பறக்க, ஒன்றையொன்று சாராத இரண்டு நெடுந்தூர வழிகாட்டுக் கருவிகள் கேட்கிறார்கள். அவை ஐஆர்எஸ் ஆகவும் இருக்கலாம், ஜிபிஎஸ் ஆகவும் இருக்கலாம். பலர் தவறவிடுவது 'சாராத' என்ற சொல்லை. இரண்டு ரிசீவரும் ஒரே எஃப்எம்எஸ்ஸுக்குள் (பறக்கும் தடத்தை நிர்வகிக்கும் கணினிக்குள்) போனால், அந்த எஃப்எம்எஸ் நின்ற நிமிடமே இரண்டும் போய்விடும். அப்படியென்றால் உங்களிடம் இருப்பது ஒரே கருவிதான். எஞ்சினியரோடு உட்கார்ந்து வயரிங் படத்தை விரித்து வைத்து, எது எங்கே இணைகிறது, மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். கையில் எடுத்துப்போகும் ஜிபிஎஸ் இந்தக் கணக்கில் வராது.

அடுத்தது, ஒரு செயற்கைக்கோள் தவறான தகவல் தந்தால் அதைக் கண்டுபிடித்து ஒதுக்கும் எஃப்டிஇ வசதி. புறப்படும் முன்பே, உங்கள் தடத்தில் அது கிடைக்குமா என்ற கணிப்பை ஓட்ட வேண்டும். ஆர்என்பி 10 தடத்தில் (10 கடல் மைல் துல்லியம் கேட்கும் தடம்) தொடர்ந்து 34 நிமிடத்துக்கு மேல் அந்த வசதி கிடைக்காமல் போகும் என்று வந்தால், நேரத்தையோ தடத்தையோ மாற்றுங்கள். இவற்றோடு நெடுந்தூரம் எட்டும் எச்எஃப் ரேடியோவும், உங்கள் நாட்டு விமானத் துறையின் அனுமதியும் வேண்டும். எஃப்எல் 290–410 என்றால் பொதுவாக சிபிடிஎல்சி (கட்டுப்பாட்டாளரோடு எழுத்துச் செய்தி பரிமாறும் வசதி), ஏடிஎஸ்-சி (விமானத்தின் இடத்தைத் தானாகவே தெரிவிக்கும் வசதி) இரண்டும் தேவை.

விதி போதும் என்றாலும், என்னைக் கேட்டால் ஒரு ஐஆர்எஸ் பொருத்தச் சொல்வேன். ஜாமிங் (சிக்னலை முடக்கும் இடையூறு) வந்தால் இரண்டு ஜிபிஎஸ்ஸும் சேர்ந்தே குருடாகும். ஐஆர்எஸ் மணிக்கு இரண்டு கடல் மைல் வரை விலகலாம், ஆனால் வெளியிலிருந்து எந்த சிக்னலும் அதற்குத் தேவையில்லை.

சரி, கருவி இருந்தால் மட்டும் ஆயிற்றா? 1983-இல் ஆங்கரேஜிலிருந்து சியோலுக்குப் போன கொரியன் ஏர் லைன்ஸ் 007-இல் மூன்று ஐஎன்எஸ் (ஐஆர்எஸ் போலவே வேலை செய்யும் முந்தைய தலைமுறைக் கருவி) இருந்தன. ஆட்டோபைலட் ஐஎன்எஸ்ஸோடு இணையாமல் ஒரே திசையைப் பிடித்துப் போகும் ஹெடிங் மோடிலேயே ஓடியதாக, ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓவின் 1993 அறிக்கை சொன்னது. விமானம் சோவியத் எல்லைக்குள் போய்ச் சுடப்பட்டு, 269 பேர் இறந்தார்கள்.

எனவே ஒவ்வொரு வேபாயிண்டையும் (தடத்தில் கடக்க வேண்டிய புள்ளியையும்) இருவரும் தனித்தனியே சரிபாருங்கள். 5250N என்றால் 52 டிகிரி வடக்கு, 50 டிகிரி மேற்கு. அதையே N5250 என்று போட்டால், பல டேட்டாபேஸ்களில் அது 52 டிகிரி 30 நிமிடம் (அதாவது 52½ டிகிரி) வடக்கு, 50 டிகிரி மேற்கு. ஓர் எழுத்து இடம் மாறினால் 30 கடல் மைல் வித்தியாசம், திரையிலோ இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அப்புறம், வேபாயிண்டைத் தாண்டிப் பத்து நிமிடத்தில் அப்போதைய இடத்தை வரைபடத்தில் பென்சிலால் குறியுங்கள். புள்ளி கோட்டில் விழவில்லை என்றால், உடனே ஆட்டோபைலட் எந்த மோடில் இருக்கிறது என்று பாருங்கள்.