வாசகர் கேள்வி பதில்: போனது அவ்ளோ பெரிய ராக்கெட், திரும்பி வந்தது எதுல?

கேள்வி: எங்க தாத்தா மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டினவரு. நிலா பத்தி டிவில எது வந்தாலும் ஒரே கேள்விதான் கேக்குறாரு. "போறப்ப அவ்ளோ பெரிய ராக்கெட்டு, திரும்பி வர அங்க யாரு ராக்கெட் வச்சிருந்தா?" எனக்கு சொல்லத் தெரியல. அவருக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க.

பதில்: தாத்தா கேட்டது சரியான கேள்விம்மா, நாசாக்குள்ளயே பெரிய வாக்குவாதம் நடந்தது இதுக்காகத்தான்.

மொதல்ல, 1969ல மனுஷன மொதல் தடவையா நிலாவுல எறக்கின அப்பல்லோ 11 பயணத்தோட ராக்கெட்ட பாத்துருவோம். பேரு சாட்டர்ன் 5, உயரம் 110 மீட்டர். நம்ம பத்துமலை முருகன் சிலை 42.7 மீட்டர், அதுமாதிரி ரெண்டரை சிலைய ஒண்ணு மேல ஒண்ணா நிறுத்தி வச்சா என்ன உயரமோ அந்த உயரம். எடை சுமார் 2,900 டன், ஆனா அதுல பத்துல ஒம்பது பங்குக்கு மேல வெறும் எரிபொருளும் அத எரிக்கிறதுக்கான திரவ ஆக்சிஜனும்தான். கீழ் அடுக்குல மட்டும் 750,000 லிட்டருக்கு மேல மண்ணெண்ணெய். லயத்துல கரண்ட் வராத காலத்துல விளக்குக்கு ஊத்துனோமே, அதே இனம்தான், நல்லா சுத்தம் பண்ணது. அஞ்சு இன்ஜின் சேந்து ரெண்டரை நிமிஷத்துல மொத்தத்தையும் எரிச்சிட்டு கடல்ல விழுந்துருச்சு, அதுக்கப்புறம் ரெண்டாவது அடுக்கும் போயிருச்சு, மூணாவது அடுக்கு நிலா பக்கம் தள்ளி விட்டுட்டு கழண்டுக்கிச்சு. கடைசியா நிலாவுக்குப் போய் சேந்தது ஏறக்குறைய 45 டன்தான். மிச்சமெல்லாம் பூமிய விட்டு கெளம்புறதுக்கே செலவான கூலி.

இனிமேதான் தாத்தா கேட்டது. அந்த 45 டன்ன அப்படியே நிலாவுல எறக்கி அப்படியே தூக்கணும்னா ராக்கெட் இன்னும் பல மடங்கு பெருசா இருக்கணும். ஜான் ஹூபோல்ட்னு நாசாவுல ஒரு என்ஜினியர், வேற வழி இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு, யாரும் காதுல போட்டுக்கல, 1961 நவம்பர்ல தன் மேலதிகாரிங்கள எல்லாம் தாண்டி நேரா பெரிய இடத்துக்கே கடிதம் எழுதிட்டாரு. இந்தக் கதையில எனக்கு ரொம்ப பிடிச்ச ஆளு அவருதான், வேலை போனாலும் போகட்டும்னு எழுதுற மனசு லேசுல வராது. அவரு சொன்ன வழி நம்ம தோட்டத்து ஆளுங்களுக்கு உடனே புரியும். பெரிய லோரிய மெயின் ரோட்டுல நிப்பாட்டிட்டு மோட்டார்ல செம்மண் ரோட்டுல உள்ள போய்ட்டு வர்றதில்லையா, அதேதான். கொலம்பியாங்கிற தாய்க்கலம் மைக்கேல் காலின்ஸோட நிலாவ சுத்திக்கிட்டே இருக்கும், ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் மட்டும் ஈகிள்ங்கிற சின்ன கலத்துல எறங்குவாங்க. ஈகிள் ரெண்டு துண்டு, கீழ் துண்டு அங்கேயே ஏவுதளமா நின்னுரும், மேல் துண்டு மட்டும் கெளம்பி தாய்க்கலத்தோட போய் சேரும், அந்தத் தாய்க்கலத்துலதான் மூணு பேரும் பூமிக்குத் திரும்புவாங்க. அது எரிபொருளோட சேத்தே அஞ்சு டன்னுக்கு உள்ளதான். நிலாவுல இழுப்பு ஆறுல ஒரு பங்கு, எதுத்து நிக்க காத்தும் இல்ல, அதனால அந்த ஒத்த இன்ஜினே போதும். ஆக, திரும்பி வர்ற ராக்கெட்ட அவங்களே கையோட கொண்டு போயிட்டாங்கன்னு சொல்லுங்க.

அந்த ஒத்த இன்ஜினுக்கு மாத்து கிடையாது. பத்த வைக்க தீப்பொறியே வேணாம்னு, ரெண்டு திரவம் கலந்த உடனே தானா எரியுற மாதிரி செஞ்சிருந்தாங்க. அவ்ளோ யோசிச்சு செஞ்சும் என்னாச்சுன்னா, வெளிய போய்ட்டு உள்ள வந்து பாத்தா அந்த இன்ஜினுக்கு கரண்ட் விடுற சுவிட்ச் முனை ஒடைஞ்சி கெடக்கு. அந்த சின்ன அறையில முதுகுல பெரிய மூட்டைய மாட்டிக்கிட்டு திரும்பினா எது இடிக்கும்னு யாருக்குத் தெரியும். ஆல்ட்ரின் தன்கிட்ட இருந்த ஃபெல்ட் டிப் பேனாவோட முனைய அந்த ஓட்டையில விட்டு அழுத்தினாரு, உள்ள போயிருச்சு. பேனா முனையில இரும்பு இருந்தா ஷாக் அடிக்குமேன்னுதான் அந்தப் பேனா. இத நான் எத்தன தடவ படிச்சாலும் ஒரு நிமிஷம் மூச்ச புடிச்சிக்கிட்டுதான் படிப்பேன்.

கேள்வி: அதெல்லாம் நடந்தப்ப நம்ம ஊர்ல மணி என்ன? (அதே வாசகி)

பதில்: அப்ப நம்ம கடிகாரம் இப்ப இருக்கிறதுக்கு அரை மணி பின்னாடி, 1982லதான் முன்ன நகத்துனாங்க. அந்தக் கணக்குல ராக்கெட் கெளம்பினது 1969 ஜூலை 16 ராத்திரி 9.02. ஆம்ஸ்ட்ராங் கால் வச்சது ஜூலை 21 திங்கக்கிழமை காலையில 10.26, தாத்தா வெட்டு முடிச்சு மங்குல இருந்து வாளிக்கு பால் எடுத்துக்கிட்டு இருந்திருப்பாரு. ஈகிள் நிலாவ விட்டு கெளம்பினது அன்னிக்கு ராத்திரி போய் 1.24க்கு, தோட்டமே தூக்கத்துல, பெரட்டுக்கு, அதான் காலையில வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிறதுக்கு, எந்திரிக்க இன்னும் சில மணி நேரம் இருக்கு. அன்னிக்கு எந்த நிரையில வெட்டினாருன்னு தாத்தாகிட்ட கேட்டு எழுதுங்கம்மா, அடுத்த இதழ்ல போடுறேன்.