தொப்பி செய்பவருக்கும் பித்துக்கும் என்ன தொடர்பு?

'மேட் ஆஸ் எ ஹேட்டர்' என்று ஆங்கிலத்தில் ஒருவரைச் சொன்னால், அவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பொருள். இதில் தொப்பி செய்பவர் எங்கிருந்து வந்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆங்கில எழுத்தாளர் லூயிஸ் கரோல் 1865-இல் வெளியிட்ட, கிறுக்குத் தொப்பிக்காரர் ஒருவர் வரும் ஆலிஸ் என்ற சிறுவர் கதையில் பிறந்த தொடர் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு முன்பே இது அச்சில் இருந்தது.

பரவலாகச் சொல்லப்படும் காரணம் பாதரசம். முயல் ரோமத்தைத் தொப்பிக்கான ஃபெல்ட் (ரோமத்தை இறுக்கிச் செய்யும் தடித்த துணி) ஆக்குவதற்காக, தோலின்மேல் பாதரச நைட்ரேட் கரைசலைத் தேய்ப்பார்கள். காய்ந்ததும் ரோம முனைகள் காரட் நிறத்துக்கு மாறிவிடும். பிறகு வெந்நீரிலும் நீராவியிலும் அதைச் சுருக்கி இறுக்கும்போது பாதரச ஆவி கிளம்பும். காற்றோட்டமில்லாத பட்டறையில் நாள் முழுக்க அதைச் சுவாசித்தவர்களுக்குக் கை நடுங்கியது, பேச்சு குழறியது. அந்நியரைக் கண்டால் கூசி ஒதுங்கினார்கள். சட்டென்று எரிந்து விழுந்தார்கள். வயிற்றுப்பாட்டுக்காக உழைத்தவர்களின் நோய் ஊராரின் கேலிப் பேச்சானதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

அமெரிக்காவில் தொப்பித் தொழில் கொடிகட்டிப் பறந்த டான்பரி நகரில் இதற்கு 'டான்பரி நடுக்கம்' என்றே பெயர். 19-ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவர்கள் இந்த நஞ்சைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஆனாலும் அந்நாட்டில் ஃபெல்ட் தயாரிப்பில் பாதரசம் கைவிடப்பட 1941 வரை ஆயிற்று.