வண்டியில தண்ணி டேங்க் எங்க வைக்கணும்?

கேள்வி: அண்ணே, நாலு பேரா போர் வீல் டிரைவ் கூர்க்கா வண்டியில நாகர்கோவில்ல இருந்து லடாக் போறோம், கேரியர் மேல 80 லிட்டர் டேங்க் வச்சா போதுமா? (தக்கலை வாசகர்)

பதில்: தம்பி, மேல மட்டும் வச்சிராதீங்க. 80 லிட்டர்னா தண்ணியே 80 கிலோ, அதத் தலையில தூக்கிட்டு வளைவுல திரும்புனா வண்டி சாயப் பாக்கும், முப்பந்தல் காத்துல சும்மா போகும்போதே எப்படி ஆட்டுதுன்னு உங்களுக்குத் தெரியும்ல.

பின் ஆக்சிலுக்கு முன்னால, ரெண்டாவது சீட்டுக்குப் பின்னாடி தரையோட தரையா வைங்க. ஆளுக்கு ஒரு நாளைக்கு குடிக்க, சமைக்க 5 லிட்டர்னு போட்டா 60 லிட்டர் மூணு நாளைக்கு வரும், அது போதும். உள்ள தடுப்புத் தகடு வச்ச டேங்கா பாத்து வாங்குங்க, இல்லன்னா பாதி தண்ணியில பிரேக் போடும்போது மொத்தமா முன்னால பாயும். பெல்ட்டும் போல்ட்டும் பாடியோட இரும்புல பிடிக்கணும், பிளாஸ்டிக்ல இல்ல. கெமிக்கல் வந்த பழைய கேனை எவ்வளவு கழுவினாலும் குடிதண்ணிக்கு எடுக்காதீங்க, இத நான் கெஞ்சிக் கேக்குறேன்.

காத்து போக வர மேல ஒரு சின்ன டியூப் கண்டிப்பா வேணும், அது இல்லாம 12 வோல்ட் பம்ப் போட்டா டேங்க் உள்ள ஒடுங்கிரும். பம்ப் வயருக்கு பேட்டரி பக்கத்துலயே பியூஸ். லடாக்ல ராத்திரி உறைஞ்சா தண்ணி விரியும், அதனால நிரம்ப ஊத்தாம கொஞ்சம் இடம் விடுங்க, பம்ப்லயும் பைப்லயும் உள்ளத வடிச்சிருங்க.

கிளம்புறதுக்கு முன்னால தண்ணி ஊத்தி பேச்சிப்பாறை வரை ஒரு தடவ போயிட்டு வந்து போல்ட்டெல்லாம் திரும்ப முறுக்கிப் பாருங்க.